செவ்வாய்க்கிழமை மட்டும் திறக்கும் ஸ்விட்ச்

ஆகஸ்ட் 26, திங்கள்

இந்த டைரி ஜனவரியில் ஆசிட் சப்ளையர் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘தூய்மையே எங்கள் உயிர்மூச்சு’ என்று அச்சடித்திருக்கிறார்கள். போன வருடம் அவர்கள் அனுப்பிய ஆசிட் கேனில் ஒரு கொசு மிதந்தது. எட்டு மாதமாக ஆடும் மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த டைரியை இன்று உருவி எடுத்துத் துடைத்தேன். மேசை ஆடுகிறது. ஆடட்டும்.

காரணம் எங்கள் கம்பெனி எம்.டி. ஜெயசீலன். இன்று மீட்டிங்கில் சொன்னார்: “வாலண்டினா, உங்க லாக்புக்ல எல்லாமே கரெக்டா இருக்கு. ஸ்விட்ச் மட்டும்தான் வேலை செய்யல.” எல்லோரும் சிரித்தார்கள். லாக்புக்கில் எழுத முடியாததை எழுத எனக்கு ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் ஸ்விட்ச் சுவரில் இருப்பது போன்றதல்ல. எள்ளில் பாதி அளவு. சிலிக்கன் தட்டைக் குடைந்து, தலைமுடியின் தடிமனில் கால்வாசிக்கு ஒரு சவ்வை மிச்சம் வைப்போம். அதன் அடியில் ஒரு கண்ணாடித் தட்டு, கண்ணாடியின் மேல் தங்கப் பூச்சு. இரண்டையும் சூட்டில் ஒட்டிவிட்டால் நடுவில் ஒரு குட்டி அறை கிடைக்கும். வெளியே அழுத்தம் ஏறினால் சவ்வு குனிந்து தங்கத்தைத் தொடும், மின்சாரம் ஓடும்; ஸ்விட்ச் மூடியது என்போம். அழுத்தம் இறங்கினால் சவ்வு நிமிர வேண்டும், மின்சாரம் நிற்க வேண்டும்; அதுதான் திறப்பது.

எங்கள் சவ்வு அழகாகக் குனிகிறது. நிமிர மறுக்கிறது. ஈரத் தட்டு இரண்டை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்தால் ஒட்டிக்கொள்ளுமே, அந்த மாதிரி. இந்தக் கம்பெனியில் குனிந்தவர் யாரும் நிமிர்ந்ததில்லை, சவ்வு மட்டும் என்ன செய்யும்.

இதைக் கேட்டிருப்பது கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தேற்றும் பம்ப் செய்கிறவர்கள். குழாய் அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறி, நம் ஸ்விட்ச் மூடி, அலாரம் அடிக்கும். அடைப்பை எடுத்ததும் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் நர்ஸ் அலாரத்தையே அணைத்துவிட்டுப் போவார். அடுத்த அடைப்பு நோயாளிக்கு மட்டும்தான் தெரியும். அக்டோபர் 15க்குள் நூறு தடவை மூடித் திறக்கிற ஐம்பது ஸ்விட்ச் வேண்டுமாம். நம்மிடம் இருப்பது பூஜ்யம்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பம்ப் கம்பெனியிலிருந்து புது இஞ்சினியர் வந்தார். நாச்சிமுத்து. இனி செவ்வாய்தோறும் வருவாராம். வயது நாற்பத்தைந்து இருக்கும். ஒட்டும் மெஷினைக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று முக்கால் மணி நேரம் பார்த்தார்.

“ஏனுங்க மேடம், ஒட்டுன சவ்வ ஒரு ஊசி வெச்சு நெம்பி உட முடியாதுங்களா?”

“முடியாதுங்க. கிழிஞ்சிரும்.”

“அப்ப அதுக்கா மனசு வந்து எந்திரிச்சாத்தானுங்க.”

இத்தனை மாதத்தில் இந்தப் பிரச்சினையை யாரும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை. தேங்காய் பன் கொண்டுவந்திருந்தார். கடைசித் துண்டை எனக்கு வைத்தார். வேறு குறிப்பிடத்தக்கது ஏதுமில்லை.

ஆகஸ்ட் 31, சனி

வாங்கியது: துவரம் பருப்பு, பாத்திரம் தேய்க்கும் சோப்பு, இரண்டு பல்பு, பவுடர் (வியர்வைக்கு). கேஸ் புக் செய்தேன்.

அப்பா இருந்திருந்தால் பவுடர் டப்பாவைப் பார்த்து ஒரு கூட்டமே போட்டுப் பேசியிருப்பார். கோவில்பட்டி மில் யூனியன் செயலாளர். விண்வெளிக்குப் போன முதல் பெண்ணின் பெயரை எனக்கு வைத்தவர். நான் போனது ஒரகடத்தில் இந்தக் கம்பெனி வரை.

செப்டம்பர் 3, செவ்வாய்

காலையில் பஸ் தவறிவிட்டது. முகம் பார்க்கும் கண்ணாடி அழுக்காக இருந்ததால் துடைத்துக்கொண்டிருந்தேன், நேரம் போனது தெரியவில்லை.

பிற்பகல் மூன்று வேஃபர்களை ஒட்டினோம். (வேஃபர் என்றால் ஸ்விட்ச்கள் வரிசையாகச் செதுக்கிய வட்டத் தட்டு. ஒன்றில் முன்னூறு. இதை யார் படிக்கப்போகிறார்கள், யாருக்கு விளக்குகிறேன்.) டெக்னீஷியன் தணிகாசலம் தட்டுகளைக் கழுவிக் காயவைத்துக் கொடுப்பார். நான் மைக்ராஸ்கோப்பில் நெற்றியை வைத்துக் குனிந்து, கண்ணாடியையும் சிலிக்கனையும் நேர்ப்படுத்தி மெஷினுக்குள் தள்ளுவேன். அந்த அறைக்குள் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் கார்டு கிடையாது.

நாச்சிமுத்து நீலச் சட்டை.

செப்டம்பர் 4, புதன்

நேற்று ஒட்டிய மூன்றிலும் தூசி. கண்ணாடி வழியாகப் பளிச்சென்று தெரிகிறது, சவ்வுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் பொடி. கிளீன் ரூமில் தூசி என்பது கல்யாணச் சாப்பாட்டில் கல். மூன்றையும் கழித்துக்கட்டச் சொன்னேன்.

செப்டம்பர் 5, வியாழன்

இன்று ஒட்டியவை சுத்தம். வழக்கம்போல் ஒன்றும் திறக்காது என்று நினைக்கிறேன். ஆனால் சுத்தம்.

செப்டம்பர் 10, செவ்வாய்

பஸ் மறுபடி தவறியது. கண்ணாடி.

நாச்சிமுத்துவிடம் சவ்வின் தடிமன் கணக்கை விளக்கினேன். இரண்டு மணி நேரம். ஒரு கேள்வியும் வீணாகக் கேட்கவில்லை. அவர் மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறதாம். தொழில் சம்பந்தமான பேச்சில் தற்செயலாக வந்தது.

செப்டம்பர் 11, புதன்

மறுபடி தூசி. மறுபடி செவ்வாயன்று ஒட்டிய லாட்.

செவ்வாயில் என்ன விசேஷம் என்று யோசித்தேன். யோசிக்க வேண்டியதே இல்லை. தணிகாசலம். திருத்தணிக்காரர். செவ்வாய்க்கிழமை விடிகாலை முருகனைப் பார்த்துவிட்டு, நெற்றி முழுக்க மூன்று பட்டை விபூதியோடு ஷிப்டுக்கு வருவார். கிளீன் ரூமில் விபூதி, குங்குமம், பூ, பவுடர், உதட்டுச்சாயம் எதுவும் கூடாது என்று உடை மாற்றும் அறையில் போர்டே இருக்கிறது. எழுதி மாட்டியது நான்.

கூப்பிட்டுக் கேட்டேன்.

“கழுவிட்டுத்தான் மேடம் உள்ள வரேன். பதினோரு வருசமா. சோப்பு போட்டு. முருகனுக்கே தெரியும், உள்ள போறப்ப கழுவணும்னு. அவரு கோச்சுக்க மாட்டாரு.”

“அப்ப இந்தப் பொடி எங்கிருந்து வந்துது?”

“தெரியல மேடம். ஆனா என்னுது இல்ல.”

நான் பகுத்தறிவு வீட்டில் வளர்ந்தவள். ஆதாரம் இருந்தால் நம்புவேன், சத்தியம் செய்தால் நம்பமாட்டேன். கார்டை வாங்கிக்கொண்டு, அவரைக் கேஸ் சிலிண்டர் ஷெட்டுக்கு மாற்றினேன். ‘விதிமீறல், தவறான தகவல்’ என்று கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவருடைய ஒப்பந்தம் அக்டோபர் 15 அன்று புதுப்பிக்க வரும். இந்தக் குறிப்பு இருந்தால் புதுப்பிக்க மாட்டார்கள். உடை மாற்றும் அறையிலும் ஒரு நோட்டீஸ் ஒட்டினேன். பெயர் போடவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

அவர் சண்டை போடவில்லை. லாக்கரைக் காலி செய்து, ஒரு துண்டையும் ஒரு சோப்பு டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனார்.

செப்டம்பர் 17, செவ்வாய்

நாச்சிமுத்துவுக்குக் காய்ச்சலாம், வரவில்லை. போனில் சொன்னார். நான் சீக்கிரமே எழுந்து முகம் கழுவி நேராகக் கிளம்பிவிட்டேன். பஸ் கிடைத்தது.

நானே கழுவி, நானே காயவைத்து, நானே ஒட்டினேன். மூன்று வேஃபரும் கண்ணாடியாகச் சுத்தம். தணிகாசலம் இல்லை, தூசி இல்லை. இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும். லாக்புக்கில் கொஞ்சம் பெரிய எழுத்திலேயே எழுதினேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

டெஸ்டிங் பார்க்கும் ஃபர்ஸானா மூன்று பிள்ளைகளைப் பெற்றவள், எதற்கும் பதறமாட்டாள். இன்று என் மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“மேடம், ஒண்ணு சொல்வேன், திட்டக் கூடாது. மெஷின் செட் பண்றதுக்கு நீங்க கழிச்சுவிட்ட வேஃபர எடுத்துப் போட்டேன்.”

“சரி.”

“திறக்குது.”

“எது?”

“ஸ்விட்ச். மூடுது, திறக்குது, மூடுது, திறக்குது. நூறு தடவ ஓட்டிட்டேன். கொஞ்சம் கசியுது, மத்ததெல்லாம் நல்லா இருக்கு. சுத்தமான வேஃபர்ல ஒண்ணுகூடத் திறக்கல. தூசி வேஃபர் மட்டும்தான். செவ்வாய்க்கிழமை வேஃபர்.”

போய்ப் பார்த்தேன். உண்மை. சவ்வு குனிகிறது, ஆனால் நடுவில் பொடி இருப்பதால் தங்கத்தோடு முழுசாகப் படிய முடியவில்லை. அங்கங்கே தொட்டு மின்சாரம் தருகிறது, அழுத்தம் போனதும் எழுந்துவிடுகிறது. ஒன்றரை வருடமாக அதை எவ்வளவு வழவழப்பாகச் செய்யலாம் என்று உயிரை விட்டோம். வழவழப்பு இருந்ததால்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

செப்டம்பர் 23, திங்கள்

ஜெயசீலனுக்கு ஞானம் பிறந்துவிட்டது. விபூதிதான் ரகசியம் என்கிறார். அதற்கு ‘மெட்டீரியல் வி’ என்று பெயர் வைத்துவிட்டார். காப்புரிமை வக்கீலிடம் பேசிவிட்டார். பழனியிலிருந்து இரண்டு கிலோ வரவழைக்கச் சொல்லிவிட்டார். வெளிநாட்டில் பன்னிரண்டு வருடம் படித்தவர்.

தணிகாசலத்தைக் கூப்பிட்டு, “நீங்க பழையபடி உள்ள வாங்க. நல்லாப் பூசிட்டு வாங்க. கழுவ வேணாம்” என்றார்.

தணிகாசலம் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“சார், அப்பவும் நான் கழுவிட்டுத்தான் போனேன். அது என் விபூதி இல்ல. இப்ப பூசிட்டு உள்ள போனா, அன்னைக்கு நான் சொன்னது பொய்னு ஆயிடும்.”

“அதான் இப்ப உங்களுக்கு நல்லதாத்தானே முடிஞ்சிருக்கு?”

“நான் பொய் சொல்லலன்னு எழுதிக் குடுங்க சார். அப்புறம் வரேன். இல்லன்னா பதினஞ்சாந் தேதியோட கணக்க முடிச்சுக்கறேன்.”

சிலிண்டர் ஷெட்டுக்குத் திரும்பிப் போனார். பிடிவாதக்காரர் என்று ஜெயசீலன் சொன்னார். நானும் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

நாச்சிமுத்துவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. கொஞ்சம் இளைத்திருக்கிறார். பஸ் தவறியது.

செப்டம்பர் 25, புதன்

நேற்று நான் ஒட்டிய மூன்று வேஃபர்களிலும் வெள்ளைப் பொடி.

தணிகாசலம் நேற்று முழுவதும் ஷெட்டில் இருந்தார். அறைக்குள் இருந்தது நான் மட்டும்.

காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தம். கையுறைப் பெட்டியைப் பார்த்தேன், சுத்தம். ஒரு வேஃபரை உடைத்துப் பொடியை ஒரு பல்கலைக்கழகத்தின் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு அனுப்பினேன். பொடியில் என்ன தனிமம் இருக்கிறது என்று அது சொல்லிவிடும். சாம்பல் என்றால் கால்சியம், பொட்டாசியம் காட்டும். காட்டும் என்றுதான் நினைக்கிறேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

பஸ்ஸைப் பிடித்தேன். முகம் மட்டும் கழுவினேன். நாச்சிமுத்து, “ஒடம்பு செரியில்லீங்களா?” என்று கேட்டார். வேலை அதிகம் என்றேன்.

ரிப்போர்ட் வந்தது. கால்சியம் இல்லை. பொட்டாசியம் இல்லை. மெக்னீசியம், நிறைய.

வீட்டுக்கு வந்து குளியலறை அலமாரியைத் திறந்து டப்பாவின் பின்பக்கத்தை வாசித்தேன். முதல் பொருள் டால்க். டால்க் என்பது மெக்னீசியக் கல்லை அரைத்த மாவு.

உடம்பெல்லாம் மூடும் அந்த வெள்ளை உடையில் திறந்திருப்பது கண்ணும் நெற்றியும்தான். நெற்றியை மைக்ராஸ்கோப்பில் வைத்து அழுத்துகிறவள் நான்தான். அதன் நேர் கீழே வேஃபர்.

இரவு தோசை. இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

அக்டோபர் 3, வியாழன்

பழனி விபூதி வந்து இறங்கியது. ஜெயசீலன் அதைச் சல்லடையில் சலிக்கச் சொல்லியிருக்கிறார். சலிக்கிற ஃபர்ஸானா, “மேடம், எங்க வீட்ல தெரிஞ்சா என்ன சொல்லுவாங்கன்னே தெரியல” என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அக்டோபர் 5, சனி

சொல்லிவிடலாம். சொல்வது சுலபம். ‘அது என் பவுடர்.’ மூன்று சொல்.

அடுத்து ஒரு கேள்வி வரும். ‘அப்ப ஏன் செவ்வாய்க்கிழமை மட்டும்?’ அதற்குச் சொல் இல்லை. இருக்கிறது, அதை ஜெயசீலன் முன்னால், ஃபர்ஸானா முன்னால், இன்னொருவர் முன்னால் சொல்ல நாற்பத்து மூன்று வயது போதாது.

சொல்லாமலும் இருக்கலாம். யாருக்கும் தெரியாது. பவுடரை நிறுத்திவிட்டால் தூசியும் நின்றுவிடும், எல்லோரும் பழனியைத் திட்டுவார்கள். தணிகாசலம் பதினைந்தாம் தேதி துண்டையும் சோப்பு டப்பாவையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

துணி துவைத்தேன். காயவில்லை.

அக்டோபர் 7, திங்கள்

மதியம் சிலிண்டர் ஷெட் பக்கம் போனேன். நைட்ரஜன் அளவு பார்க்கப் போனதாக வைத்துக்கொள்வோம். தணிகாசலம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்தார். உட்காரச் சொன்னேன்.

“சாப்ட்டீங்களா மேடம்?” என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, நைட்ரஜன் மீட்டரைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

மீட்டிங். ஜெயசீலன், ஃபர்ஸானா, நாச்சிமுத்து, நான். சிலிண்டர் ஷெட்டிலிருந்து தணிகாசலத்தையும் வரச்சொன்னது நான். திரையில் ‘மெட்டீரியல் வி’ என்று பெரிதாக எழுதி, பின்னால் ஒரு மலைப்படம் போட்டிருந்தார் ஜெயசீலன். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்தேன்.

“அது விபூதி இல்ல சார். டால்க். முகத்துக்குப் போடற பவுடர். ரிப்போர்ட் இதோ. அறைக்குள்ள பவுடரோட போனது நான். தணிகாசலம் சொன்னது உண்மை. நான் கோப்புல எழுதினது தப்பு.”

ரிப்போர்ட்டை மேசையின் நடுவில் வைத்தேன்.

“நீங்க பவுடர் போடுவீங்களா?” என்றார் ஜெயசீலன். கேட்கக் கூடாத கேள்வியைத் தேடிப் பிடித்துக் கேட்பதில் அவருக்கு ஒரு திறமை உண்டு.

“செவ்வாய்க்கிழமை மட்டும்.”

ஃபர்ஸானாவுக்கு இருமல் வந்துவிட்டது. நாச்சிமுத்து தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. ஜெயசீலன் மட்டும், “ஏன் செவ்வாய்? அன்னைக்கு ஹ்யூமிடிட்டி ஜாஸ்தியா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் விடாமல் பேசினேன். பொடியை நம்பி மருந்துப் பம்ப் விற்க முடியாது, பொடி ஒரு நாள் நகரும். அதற்குப் பதில் கண்ணாடியிலேயே பொடி அளவுக்கு மேடுகளைச் செதுக்கி, அவற்றின் மேல் தங்கம் பூசிவிடலாம். சவ்வு முழுசாகப் படியாது, எழுந்துவிடும். வரைபடம் ராத்திரியே போட்டுவிட்டேன், டிசம்பருக்குள் முடியும். அதுவரை சோதனைக்குச் செவ்வாய் லாட்டிலிருந்து ஐம்பது தருகிறேன் என்றேன்.

“டிசம்பரே ஆகட்டுங்க,” என்றார் நாச்சிமுத்து. “எங்களுக்கு நெலச்சு நிக்கோணும். எங்க ஆபீசுல நாஞ் சொல்லிக்கறனுங்க.” என்னைப் பார்க்காமல் திரையில் இருந்த மலையைப் பார்த்துச் சொன்னார்.

வெளியே வந்ததும் தணிகாசலத்திடம் மன்னிப்புக் கேட்டேன். நின்று கேட்டார்.

“பதினோரு வருசமா தெனமும் என் நெத்தியப் பாத்தீங்க மேடம்,” என்றார். “ஒரு நாள் உங்க நெத்தியப் பாத்திருக்கலாம்.”

பார்த்தேன் என்று அவரிடம் சொல்ல முடியாது. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், பஸ்ஸைத் தவறவிட்டுக்கொண்டு.

அக்டோபர் 9, புதன்

உடை மாற்றும் அறையில் என் பழைய நோட்டீஸைக் கிழித்துவிட்டுப் புதியது ஒட்டினேன். இந்தமுறை பெயர் போட்டு. ‘செப்டம்பர் 11 நோட்டீஸ் தவறு. தணிகாசலம் விதியை மீறவில்லை, பொய் சொல்லவும் இல்லை. விதியை மீறியவர் வாலண்டினா.’ கோப்பிலும் அதையே எழுதினேன். ஒப்பந்தம் புதுப்பிக்கச் சொல்லி என் கையெழுத்து. எனக்கு எழுத்துமூல எச்சரிக்கை ஒன்று தரும்படி ஜெயசீலனிடம் கேட்டேன். எப்படி எழுதுவது என்று தெரியாமல் என்னையே எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்தேன்.

தணிகாசலம் நோட்டீஸை இரண்டு முறை வாசித்தார். குழாயைத் திறந்து, சோப்பு போட்டு நெற்றியைக் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் பின்னால் போய் அதே சோப்பில் முகம் கழுவினேன்.

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை விடுமுறை, அதனால் இங்கே இன்றே கொண்டாட்டம். கிளீன் ரூம் மெஷின்களுக்குப் பொட்டு வைக்க முடியாது என்பதால், ஒவ்வொரு மெஷினையும் போட்டோ எடுத்து, பிரேம் போட்டு, வெளி வராந்தாவில் வரிசையாக வைத்து அந்தப் போட்டோக்களுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது எங்கள் வழக்கம். தெரியாதவர்கள் பார்த்தால், இறந்துபோன மெஷின்களுக்கு அஞ்சலி என்று நினைப்பார்கள். நான் ஒவ்வொரு வருடமும் தள்ளி நின்று பொரி மட்டும் வாங்கிக்கொள்வேன்.

இன்றும் அப்படித்தான் நின்றேன். அடுப்பு போட்டோ, ஒட்டும் மெஷின் போட்டோ, மைக்ராஸ்கோப் போட்டோ. தணிகாசலம் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் வைத்தார். பவுடர் டப்பா. சின்ன சைஸ், புதுசு, சீல்கூடப் பிரிக்கவில்லை. அதற்கும் சந்தனம் தொட்டு, நடுவில் குங்குமம் வைத்து, சூடம் காட்டினார். முகத்தில் சிரிப்பே இல்லை. ஃபர்ஸானா என் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

பொரிப் பொட்டலத்தோடு அந்த டப்பாவையும் என் கையில் கொடுத்தார்.

“வெளியில வெச்சுக்குங்க மேடம்,” என்றார். “உள்ள வேணாம்.”

என் அப்பாவுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம்.

மாலை நாச்சிமுத்து போன் செய்தார். வரைபடத்தில் மேடுகளின் உயரம் பற்றிக் கேட்டார். சொன்னேன். குறித்துக்கொண்டார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

“ஏனுங்க, இனிச் செவ்வாக்கெழமை வேண்டாமுங்க,” என்றார்.

“சரிங்க.”

“நீங்க மெஷின் பக்கமே போகாத நாளாப் பாத்து ஒண்ணு சொல்லுங்க. அன்னிக்கு வர்றேன்.”

அக்டோபர் 13, ஞாயிறு

பவுடர் போட்டுக்கொண்டேன். வியர்வைக்கு அல்ல.